யார் பேரில் வாங்கப் போகிறாய்

கண்ணா,

நீ நலமா என்று கேட்டு இதை ஆரம்பிக்கப் போவதில்லை. போனில் உன் குரலைக் கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறாய். நானும் வேளைக்குச் சாப்பிடுகிறேன். போனில் நான் எதைச் சொன்னாலும் "செரிம்மா, செரிம்மா" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறாய், அந்தச் சத்தம் எனக்கு இங்கே கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். குவைத்திலிருந்து உனக்கு நான் எழுதிய கடிதங்களை உன் மாமா வீட்டு அத்தை படித்துக் காட்டும்போது நீ பாதியில் எழுந்து விளையாட ஓடிவிடுவாய் என்று அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள். இப்போது ஓடுகிற வயசில்லை உனக்கு. உட்கார்ந்து கடைசி வரை படி.

பெங்களூரில் ஃப்ளாட் பார்த்துவிட்டேன், அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது என்றாய். அடுத்த மாதம் கம்பெனி உன்னையும் உன் பெண்டாட்டியையும் அமெரிக்காவுக்கு அனுப்புகிறது, பதிவு வரும்போது நாங்கள் ஊரில் இருக்க மாட்டோம், அதனால் இப்போதைக்கு மாமனார் பேரில் பதிவு செய்துவிட்டுத் திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம் என்றாய். பூட்டிக் கிடந்தால் வீடு வீணாகிவிடும், நீ வந்து அங்கே இருந்துக்கோ என்றும் சொன்னாய். யார் பேரில் என்று நான் மறுபடியும் கேட்டதற்குச் சிரித்தாய். "பேருதானேம்மா. பேர்ல இன்னா கீது?" என்றாய். உலகத்தில் வேறு யார் இதைக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை, தெரியாமல் கேட்கிறார்கள் என்று விட்டுவிடுவேன். நீ எப்படியடா கேட்கலாம்?

பேரில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், கேள். உன் நைனா காய்ச்சலில் போனபோது நீ இரண்டாம் வகுப்பு. நம் ஊர் குடிபாலாவில் நமக்கென்று ஒரு செண்டு நிலம் கிடையாது. பிறத்தியார் கரும்பு வெட்டப் போய்த்தான் சோறு. அந்தக் காலத்தில்தான் நம் பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குவைத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். போனவள் வீட்டில் டிவி வந்தது, ஓலை போய் ஓட்டு வீடு வந்தது. நானும் போனேன். உன்னை என் தம்பி, அதான் உன் மாமா, திருப்பதிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் மகள் கௌரியோடு சேர்த்து வளர்த்தான். அவன் அப்போது யாத்திரைக்காரர்களை ஏற்றுகிற வேன் ஓட்டிக்கொண்டு, ஒரே அறையில் வாடகைக்கு இருந்தான். இருந்தாலும் உன்னை ஒரு நாள் கூடப் பட்டினி போடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் சொல்லப் போவதைக் கேட்டுவிட்டு அவனை ராட்சசன் என்று நினைத்துக்கொள்வாய். அவன் ராட்சசன் இல்லை. நல்லவன்தான். உன் மாமனாரும் நல்லவர்தான், நான் பார்த்திருக்கிறேன், என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். நம் சம்பாத்தியத்தைக் கெட்டவர்கள் கையில் யாராவது கொடுப்போமா? நல்லவர்கள் பேரில்தான் எழுதுகிறோம், அதனால்தான் பிற்பாடு வாய் திறந்து கேட்கவும் முடியாமல் போகிறது.

திருப்பதியில் அலிபிரி போகிற பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது என்று உன் மாமா கேசட்டில் பேசி அனுப்பினான். அப்போதெல்லாம் ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் அதில் ஒரு பாட்டுப் பாடியிருந்தாய். துணி துவைக்கிற மெஷின் பக்கத்தில்தான் எனக்குப் படுக்கை. அந்த மெஷின் ஓடுகிற சத்தத்தில் காதோடு காதாக வைத்துக் கேட்டேன். முன்பக்கம் ஒரு அறை, அதை யாத்திரைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம், பின்னால் இரண்டு அறை, மொட்டை மாடி. பாஸ்போர்ட் என்னை வேலைக்கு வைத்திருந்தவர்கள் பெட்டியில் இருந்தது, நான் வந்து கையெழுத்துப் போட வழியில்லை. அதனால் நான் அனுப்புகிற பணத்தை வைத்து இப்போதைக்குத் தன் பேரில் வாங்கிவிடுவதாகச் சொன்னான். அவன் சொன்னது அப்படியே இன்னும் என் காதில் இருக்கிறது. "யக்கா, என் பேர்ல இருந்தா இன்னா, உன் பேர்ல இருந்தா இன்னா? நாளைக்கு கௌரியக் கட்டிக்கினு உம்புள்ளதான அந்த வூட்ல இருக்கப் போறான்?"

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நம் ஜனத்தில் யாருக்குத்தான் படாது? தாய்மாமன் மகள் முறைப்பெண். கௌரி பிறந்தபோதே உனக்கென்று சொல்லி நான்தான் தங்கக் காசு போட்டு அவளைத் தூக்கினேன். வீடு என் தம்பி பேரில் இருந்தால் கௌரிக்கு வரும், கௌரிக்கு வந்தால் உனக்கு வரும். எதற்கு இரண்டு தடவை ரிஜிஸ்டர் செலவு என்று நானே அவனுக்குக் கடிதம் எழுதினேன். என் மூளையை மெச்சிக்கொண்டேன். பத்திரம் எழுத வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பெண்ணின் கழுத்தை வைத்தோம் என்று அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. உன்னையும் கௌரியையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு முன்னால் எல்லாரும் நின்று எடுத்த போட்டோ ஒன்று வந்தது. கூட வேலை செய்த பெண்களிடமெல்லாம் அதைக் காட்டி, இதுதான் என் வீடு, இதுதான் என் மகன், பக்கத்தில் நிற்கிறதுதான் என் மருமகள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ உன்னோடு வேலை பார்க்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டாய். அதில் எனக்கு உன்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை, இருந்த வருத்தமும் உன் பெண்டாட்டியைப் பார்த்த பிறகு போய்விட்டது. கூடவே வளர்ந்தவளை எப்படிம்மா என்று நீ கேட்டாய், அதுவும் சரிதான். ஆனால் உன் கல்யாணத்துக்கு உன் மாமா வரவில்லை. கௌரியை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்தான். அதற்குள் நான் குவைத்தை முடித்துக்கொண்டு வந்து அந்த வீட்டின் பின்பக்கத்து அறையில் இருக்க ஆரம்பித்திருந்தேன். அவன் முன்னேறி, ரேணிகுண்டா ரோட்டில் வேறு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். ஒரு நாள் அவனைக் கூப்பிட்டு, நடந்தது நடந்துபோச்சு, வீட்டை என் பேருக்கு மாற்றி எழுதிவிடு என்று கேட்டேன். கோபமே இல்லாமல் பதில் சொன்னான். "யக்கா, மாப்பிள்ளைக்குன்னு வாங்கின வூடு அது. மாப்பிள்ள யாருன்றதுதான் மாறிப்போச்சு." பணம் என்னுடையது என்றேன். உன்னைத் தானும் தன் பெண்டாட்டியும் வளர்த்ததற்கு என்றைக்காவது என்னிடம் கூலி கேட்டது உண்டா என்று திருப்பிக் கேட்டான். உனக்குக் காய்ச்சல் வந்தபோது கஷாயம் கொடுத்தது அவன் பெண்டாட்டி, நான் இல்லை. அதற்கு எந்த ரசீதும் இல்லாத மாதிரி என் பணத்துக்கும் எந்த ரசீதும் இல்லை. உள்ளே போய் உலை வைத்தேன்.

இதையெல்லாம் உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னேன். நீ கேட்டுக்கொண்டே டைப் அடித்தாய். போனால் போகுதும்மா, மாமாதானே என்றாய். உனக்கு அது போகட்டும் என்கிற வீடு. எனக்கு அது நான் உன்னை விட்டுவிட்டு இருந்த அத்தனை வருஷம்.

சரி, என் புலம்பலை விடு. நீ வாங்கப் போகிறாய், உனக்கு உபயோகமாகிற விஷயத்தைச் சொல்கிறேன். நீங்கள் ஊரில் இருக்க முடியாவிட்டால் பவர் கொடு, பேரைக் கொடுக்காதே. வெளிநாட்டில் இருந்துகொண்டே, எனக்காக இந்த ஒரு வீட்டை என் பேரில் பதிவு செய்ய இவருக்கு அதிகாரம் கொடுக்கிறேன் என்று எழுதித் தர வழி இருக்கிறதாம். அந்தக் காலத்திலும் இருந்ததாம், எனக்குத்தான் சொல்ல ஆள் இல்லை. உன் மாமனார் உனக்கு உதவி செய்ய ஆசைப்பட்டால் அந்த பவரை வாங்கிக்கொண்டு போய் நிற்கட்டும். அதிலும் இந்த வீட்டுக்கு, இந்த வேலைக்கு மட்டும் என்று வக்கீலை வைத்து எழுது. உங்கள் இரண்டு பேர் சம்பளமும் அதில் போகிறதென்றால் உங்கள் இரண்டு பேர் பேரும் அதில் இருக்கட்டும். உன் பெண்டாட்டி பேரை விட்டுவிடாதே. சம்பாதித்துப் போட்டுவிட்டுப் பேர் இல்லாமல் நிற்கிற பொம்பளை இந்தக் குடும்பத்தில் நான் ஒருத்தி போதும். பாதியைக் கையில் கொடுங்கள், பத்திரத்தில் குறைத்துக் காட்டலாம் என்று எவனாவது சொன்னால் எழுந்து வந்துவிடு. பத்திரத்தில் இல்லாத பணத்தை நாளைக்கு நீ எந்தச் சாமி முன்னால் சத்தியம் செய்தும் வாங்க முடியாது.

அப்புறம், வீட்டை மழையில் பார். புரோக்கர்கள் எல்லாம் வெயில் காலத்தில்தான் வீடு காட்டுவார்கள். திருப்பதி வீட்டை உன் மாமா பங்குனியில் போய்ப் பார்த்துவிட்டு வாங்கினான், நல்ல காற்று, பின்னாலேயே மலை தெரிகிறது என்று கேசட்டில் பெருமை அடித்தான். கார்த்திகையில் அந்த மலைத் தண்ணீர் பூராவும் நம் பின்பக்கத்து அறைக்குள்தான் இறங்குகிறது என்பது குடி போன பிறகுதான் தெரிந்தது. அந்த அறையில்தான் நான் இத்தனை வருஷம் படுத்தேன். கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தி, உன் சர்ட்டிபிகேட் பெட்டியை அலமாரிக்கு மேலே ஏற்றி வைத்து, ஒவ்வொரு மழைக்கும் வாளியால் மொண்டு ஊற்றினேன். நீ வாங்குகிற ஃப்ளாட் மாடியில் இருக்கிறது, தண்ணீர் வராது என்பாய். மேலேயிருந்து ஒழுகுவதும் தண்ணீர்தான். முன்னால் ஏரியாக இருந்த இடமா என்று அங்கே கீரை விற்கிறவளிடம் கேள், பில்டரிடம் கேட்காதே. குடிக்கத் தண்ணீர் குழாயில் வருகிறதா லாரியில் வருகிறதா என்று காலையில் போய் நின்று உன் கண்ணால் பார். இன்னும் மூன்று பேர் அட்வான்ஸோடு காத்திருக்கிறார்கள், அதில் ஒருவர் ஐதராபாத்தில் பெரிய ஆபீசர் என்பான் புரோக்கர். அந்த ஆபீசர் எல்லா வீட்டுக்கும் காத்திருப்பார், ஒரு வீட்டையும் வாங்க மாட்டார். நீ ஆறப்போட்டு, நிலத்தின் தாய்ப் பத்திரத்திலிருந்து எல்லாவற்றையும் கேள், ஈசி போட்டுப் பார், வில்லங்கம் இல்லை என்று தெரிந்த பிறகு மிச்சப் பணத்தை எடு. எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. திருப்பதி வீட்டுப் பத்திரத்தை உன் மாமா காட்டியபோது முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான். நீ கன்னடம் படிக்காதவன். படிக்கத் தெரிந்த, அந்த வீட்டில் லாபம் இல்லாத ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேள்.

விற்கிறதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீயும் என்றைக்காவது விற்பாய். விற்கிற வீட்டில் யார் குடியிருக்கிறார்களோ அவர்களிடம் முதலில் சொல். வாங்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய பிறகு சொல்லாதே. என் தம்பி எனக்குச் செய்தது அதுதான். கௌரியும் அவள் புருஷனும் சென்னையில் இடம் வாங்குகிறார்கள், கல்யாணத்தில் அவளுக்கென்று சொன்ன வீட்டை இப்போது பணமாகக் கேட்கிறார்கள். இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஆயுத பூஜை கழித்து ஒரு நாள் காலையில் அவன் ஒரு புருஷன் பெண்டாட்டியோடு வந்து நின்றான். நான் தோசை மாவுக் கையோடு கதவைத் திறந்தேன். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், வாஸ்து பார்த்தார்கள், சமையல்கட்டு அக்கினி மூலையில் இல்லையே என்று முகத்தைச் சுளித்தார்கள். அந்தப் பெண் என்னைக் காட்டி, இவர்கள் யார் என்று தெலுங்கில் கேட்டாள். "மா வாள்ளே. இண்டிகி காவலி உன்னாரு" என்றான். நம்ம ஆளுங்கதான், வீட்டுக்குக் காவலுக்கு இருக்காங்க.

பிறந்ததிலிருந்து என்னோடு தமிழைத் தவிர வேறு பேசாதவன் அவன். அதைத் தமிழில் சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை. அப்படியாவது கொஞ்சம் வெட்கம் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறேன். அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா என்றால் அப்புறம் அக்காவை எங்கே அனுப்புவீர்கள் என்று அந்த அம்மாள் கேட்பாள் இல்லையா, அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் உள்ளே கூப்பிட்டு, பின்பக்கத்து அறையில் சுவரோரமாக வைத்திருந்த பீரோவை நகர்த்திக் காட்டினேன். தண்ணீர் ஏறி நின்ற கறை முழங்கால் வரைக்கும் இருந்தது. மழைக்கு எங்கேயிருந்து வருகிறது, எப்படி வெளியேற்ற வேண்டும், எந்த இடத்தில் ஒரு கால்வாய் வெட்டினால் நிற்கும் என்று எல்லாவற்றையும் அவளுக்குத் தெலுங்கிலேயே சொன்னேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று சொன்னேனா, வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொண்டேனா, எனக்கே தெரியவில்லை. விலையைக் குறைத்துக்கொண்டு அவர்கள் வாங்கிவிட்டார்கள். உன் மாமா அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. கௌரிதான் போன் செய்து அழுதாள். "அத்த, எனக்கு அந்த வூடு வேணான்னுதான் சொன்னேன், யாரும் காதுல போட்டுக்கல" என்றாள். அவள் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். அவளை அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை.

நான் இப்போது புத்தூரில் இருக்கிறேன். திருப்பதியில்தான் இருக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். செல்போன் என்பதால் எங்கிருந்து பேசுகிறேன் என்று உனக்குத் தெரியவில்லை, நீயும் கேட்கவில்லை. இங்கே எலும்பு முறிந்து கட்டுப் போட வருகிறவர்கள் தங்குவதற்கு வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். அதில் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்திருக்கிறேன். காலேஜ் ஹாஸ்டல் ஒன்றில் சமையலுக்குப் போகிறேன், வேலை ஒன்றும் கஷ்டமில்லை, குவைத்தில் செய்ததில் பாதி கூட இல்லை. பக்கத்து அறைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்து "எந்தக் கைம்மா? காலா?" என்று கேட்கிறார்கள். எங்கேயும் முறியவில்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். வீட்டுக்காரர் நான் கொடுக்கிற வாடகைக்கு ரசீது கொடுக்கிறார். காலி பண்ணச் சொல்வதாக இருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன் என்று சேர்ந்த அன்றைக்கே சொன்னார். என் தம்பி எனக்குச் சொல்லாததை அந்த மனுஷன் சொன்னார்.

உன் ஃப்ளாட்டில் வந்து இரு என்கிறாய். மாடி, லிஃப்ட், இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர், கஷ்டமே இருக்காது என்கிறாய். நீ ஆசையோடுதான் கூப்பிடுகிறாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது உன் மாமனார் வீடாக இருந்து, நீ அமெரிக்காவில் இருந்து, நான் மட்டும் அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால், ஒரு நாள் யாராவது வந்து இவர்கள் யார் என்று கேட்டால், அவர் என்ன சொல்வார்? நல்லவர் என்பதால் கொஞ்சம் நல்ல வார்த்தையாகச் சொல்வார். உனக்கும் உன் மாமனாருக்கும் நடுவில் ஒன்றும் வராது என்பாய். எனக்கும் என் தம்பிக்கும் நடுவில் என்னடா வந்தது? சண்டையா, குடியா, கோர்ட்டா? நீ ஒரு பெண்ணைப் பிடித்துக் கட்டிக்கொண்டாய், அவ்வளவுதான்.

அதனால் கிரகப்பிரவேசத்துக்கு என்னைக் கூப்பிடாதே. பத்திரம் பதிகிற நாளைக்குக் கூப்பிடு. லீவு போட்டு நீ வந்தாலும் சரி, பவரோடு உன் மாமனார் வந்தாலும் சரி, காலை முதல் பஸ்ஸில் நான் வந்துவிடுகிறேன், கூட்டிப் போக யாரும் வர வேண்டாம். அந்த ஆபீசில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். வாங்குகிறவர் என்று எழுதியிருக்கிற இடத்தை மட்டும் யாராவது எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதில் உன் பேரும் உன் பெண்டாட்டி பேரும் வந்தால் அங்கேயிருந்து நேராக வந்து, நீங்கள் திரும்பி வருகிற வரைக்கும் எத்தனை வருஷம் ஆனாலும் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். வேறு பேர் வந்தால் யாரிடமும் ஒன்றும் பேச மாட்டேன், உன் மாமனாருக்குக் கும்பிடு போட்டுவிட்டு புத்தூருக்கு பஸ் ஏறிவிடுவேன். என் மகன் வீட்டில் நான் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருப்பேன் கண்ணா. அடுத்தவர் வீட்டுக்குக் காவல் இருக்க எனக்கு இனிமேல் தெம்பில்லை.

அம்மா